கரடி என்னும் காவற்கலம்

கடலை எல்லையாக உடைய நாடுகள் தம் கரையைக் காக்கும்பொருட்டுச் சில கலங்களைத் தனியே வைத்திருத்தல் வழக்கம். அவை போர்க்கலங்களினும் சிறியன. அவற்றின் வேலையோ பலதிறப்பட்டது. சுங்கவரி செலுத்தாது சரக்கு இறக்குவோரைப் பிடித்தல், பாறையில் மோதிய கப்பல்களில் உள்ளோரை மீட்டல், கடல்வாழ் உயிர்களை அளவின்றிக் கொல்வோரைத் தடுத்தல் ஆகிய யாவும் அவற்றின் கடமைகளே. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இப்பணி 1790ஆம் ஆண்டில் பத்துக் கலங்களுக்கு ஆணை பிறந்ததிலிருந்து தொடங்குகின்றது. அக்கலங்களைக் 'கட்டர்' என்று அழைத்தனர். ஒற்றைப் பாய்மரத்தோடு விரைந்து செல்லும் சிறுகலத்துக்கு உரியதாய் இருந்த அப்பெயர், பின்னர் அதே பணியைச் செய்த பெருங்கலங்களுக்கும் நிலைத்துவிட்டது.

அத்தகைய கட்டர்களுள் ஒன்றன் வரலாற்றை ஈண்டுக் காண்போம். அதன் பெயர் 'பேர்' என்பது. ஆங்கிலத்தில் அச்சொல் கரடியைக் குறிக்கும். தமிழில் அவ்வொலி வேறொரு பொருள் தருதலின், மயக்கம் நேராவண்ணம் இப்பாடத்தில் அதனைக் 'கரடி' என்றே வழங்குவோம்.

நம் முன்னோர் பனிக்காலத்தை முன்பனி, பின்பனி என இரண்டாகப் பகுத்தனர். நம் நாட்டில் பனியாவது புல்லின் நுனியில் தங்கிக் கதிரவன் எழுந்ததும் மறையும் நீர்த்துளியாம். வடதுருவத்தை அடுத்த கடலிலோ பனி பாறையாய் நிற்பது. மாதக்கணக்காகக் கடலின் மேற்பரப்பையே அது மூடிக்கொள்ளும். காற்றும் நீரோட்டமும் அதனைத் தள்ளும்போது, பாளங்கள் ஒன்றோடொன்று மோதி, இடையில் அகப்பட்ட கப்பலை இரு கைகளுக்கு நடுவே பட்ட முட்டையைப் போல நொறுக்கிவிடும். அக்கடலிற் செல்லவேண்டிய கலத்தை ஏனைய கலங்களைப் போலக் கட்டுதல் இயலாது.

ஸ்காத்லாந்து நாட்டில் டண்டி என்னும் துறைமுக நகரத்துத் தச்சர்கள் இக்கலையில் வல்லவர்கள். அவர்கள் 1874ஆம் ஆண்டில் கரடியைக் கட்டி முடித்தனர். அதன் நீளம் ஏறத்தாழ 200 அடி. அதன் பக்கங்கள் 6 அங்குலக் கனமுள்ள ஓக் மரப் பலகைகளால் ஆனவை. அவற்றின்மேல், பனிப்பாளம் உராய்ந்தாலும் தேயாதபடி, மிகக் கடினமான ஆஸ்திரேலிய மரம் ஒன்றன் பலகைகளைப் போர்த்தியிருந்தனர். மூன்று பாய்மரங்களும் ஒரு நீராவிப் பொறியும் அதற்கு உண்டு. காற்று ஓய்ந்தால் பொறி இழுக்கும். நிலக்கரி தீர்ந்தால் பாய் இழுக்கும். சீல் எனப்படும் கடல்நாய்களைக் கொன்று தோலும் நெய்யும் கொணர்வதற்காகவே அக்கலம் கட்டப்பட்டது. பத்தாண்டுகள் நியூபவுண்ட்லாந்துக் கடலில் அவ்வேட்டையையே அது செய்து வந்தது.

அதன் வாழ்வு 1884ஆம் ஆண்டில் திரும்பியது. அதற்கு மூன்றாண்டுகளுக்கு முன், கிரீலி என்னும் படைத்தலைவரின் கீழ் 25 பேர் கொண்ட அமெரிக்கக் குழு ஒன்று வானிலையை ஆராயும்பொருட்டு வடதுருவத்தை அணுகிய எல்ஸ்மியர் தீவுக்குச் சென்றிருந்தது. அவர்களுக்கு உணவு கொண்டுசென்ற கலம் 1882இல் பனியைக் கடக்கமாட்டாது திரும்பிற்று. 1883இல் சென்ற கலமோ பனியால் நொறுங்கி மூழ்கியது. மூன்றாம் முறையாகச் செல்லும் மீட்புக்குழுவுக்கு உறுதியான கலம் வேண்டும் எனத் தேடிய அமெரிக்க அரசு கரடியை விலைக்கு வாங்கியது. அவ்வாண்டு சூன் 22ஆம் நாள் மீட்புக்குழுவினர் சாபின் முனையில் பாதி சரிந்த கூடாரம் ஒன்றைக் கண்டனர். அதனுள் உயிரோடிருந்தோர் எழுவர். அவருள்ளும் ஒருவர் திரும்பும் வழியில் இறந்தார். வேட்டைக்கலமாய்ப் பிறந்த கரடி செய்த முதல் மீட்பு இதுவே.

மறு ஆண்டில் அது வருவாய்க் காவற்கலப் பணிக்கு மாற்றப்பட்டுக் 'கட்டர்' ஆயிற்று. அதற்கு இடப்பட்ட களம் அலாஸ்கா. 1867இல் உருசிய நாட்டினிடமிருந்து அமெரிக்கா விலைக்கு வாங்கிய நிலம் அது. பரப்பில் மிகப் பெரியது, மக்கள் தொகையில் மிகச் சிறியது. சாலையில்லை, தந்தியில்லை, பல கடலோர ஊர்களில் மருத்துவர் என்னும் பெயரையே கேட்டவரில்லை. ஆண்டுதோறும் கோடையில் பனி உருகிய சில மாதங்களில் கரடி கரையோரமாய் வடக்கே சென்று மீளும். அது சுமந்து சென்றது யாதெனின், அஞ்சற்பை, பள்ளி ஆசிரியர், மருந்துப்பெட்டி, சில வேளைகளில் நீதிபதி. குற்றவாளிகளைத் திரும்பும்போது ஏற்றி வரும். ஓர் அரசின் அங்கங்கள் பலவும் ஒரே மரக்கலத்தில் அடங்கிக் கரைதோறும் சென்றன என்றால் அது மிகையன்று. மற்றொன்றும் கூறற்பாலது. கடல்நாய்களைக் கொல்லப் பிறந்த அக்கலத்துக்கு, பெரிங் கடலில் மென்மயிர்க் கடல்நாய்களைத் திருட்டு வேட்டையினின்றும் காக்கும் வேலையும் தரப்பட்டது.

கரடியின் புகழைப் பேசுவோர் அதன் தலைவர் மைக்கேல் ஹீலியைப் பேசாது விடார். இவர் 1839இல் ஜார்ஜியா மாநிலத்தில் பிறந்தவர். தந்தை அயர்லாந்திலிருந்து வந்த பண்ணையார். தாய் அப்பண்ணையில் அடிமையாய் இருந்த கறுப்பினப் பெண்மணி. அக்கால அந்நாட்டுச் சட்டப்படி அடிமை வயிற்றுப் பிள்ளை அடிமையே. எனவே பெற்ற தந்தையின் நிலத்திலேயே அவர் சட்டத்தின் கண்ணில் அடிமை. தந்தை தம் மக்களை வடக்கே அனுப்பிப் படிக்கவைத்தார். மைக்கேலுக்குப் படிப்பில் மனம் செல்லவில்லை. சிறுவனாய் இருக்கும்போதே கப்பலேறிவிட்டார். அவர் ஏறிய கப்பல் கல்கத்தாவுக்கு வந்தது; அதன் பெயர் 'ஜம்னா', அஃதாவது யமுனை. நம் நாட்டு ஆற்றின் பெயர் தாங்கிய கலத்திற் கடல்வாழ்வைத் தொடங்கியவர், 1865இல் காவற்கலப் பணியில் அதிகாரியாகி, 1886 முதல் 1895 வரை கரடிக்குத் தலைவராய் விளங்கினார். ஆப்பிரிக்க மரபில் வந்தோருள் அமெரிக்க அரசின் கலமொன்றுக்குத் தலைமை ஏற்ற முதல்வர் இவரே. ஆயினும் தம் தாய்வழி மரபை அவர் வாழ்நாளில் வெளிப்படக் கூறியதில்லை. கூறியிருப்பின் அப்பதவி கிட்டியிராது என்பதை அறிந்தவர்க்கு அவருடைய மௌனம் வியப்பளிக்காது.

ஹீலி குற்றமற்றவர் எனல் உண்மையாகாது. மாலுமிகளிடம் கடுமை மிக்கவர், மதுவுக்கு ஆட்பட்டவர். 1896இல் விசாரணை நடந்து, குடிவெறி முதலிய குற்றங்களுக்காகத் தலைமையினின்று நீக்கப்பட்டார். சில ஆண்டுகள் கழித்தே மீண்டும் கலம் பெற்றார். இத்துணைக் குறையுடைய ஒருவரே அலாஸ்காக் கரையில் வாழ்ந்த பழங்குடி மக்களின் பசியைக் கண்டு, அதற்கு வழி தேடியவர்களுள் முன் நின்றார் என்பதையும் உடன் கூறவேண்டும்.

அப்பசி இயற்கையாய் வந்ததன்று. தெற்கிலிருந்து வந்த வேட்டைக் கப்பல்கள் திமிங்கிலங்களையும், நீண்ட தந்தங்களுடைய வால்ரஸ் என்னும் கடல்விலங்கையும் ஆயிரக்கணக்கில் கொன்று தீர்த்தன. அவற்றையே உண்டு வாழ்ந்த கரையோர மக்களுக்கு உணவு இல்லாதொழிந்தது. பெரிங் நீரிணைக்கு அப்பால், சைபீரியக் கரையில் வாழ்ந்த சுக்சி மக்கள் ரெயின்டியர் எனப்படும் பனிமான்களை மந்தையாக வளர்த்துப் பசியின்றி வாழ்தலை ஹீலி கண்டிருந்தார். அம்மான் பனியைக் குளம்பால் கிளறி, அடியில் உள்ள பாசியைத் தின்று வாழும், பால், இறைச்சி, தோல் மூன்றும் தரும், வண்டியும் இழுக்கும். அவற்றை இக்கரைக்குக் கொணர்ந்து வளர்த்தல் வேண்டும் என அவரும், அலாஸ்காவின் கல்வி அதிகாரியாய் இருந்த ஷெல்டன் ஜாக்சனும் முனைந்தனர். அரசு முதலில் பொருள் தரவில்லை. நல்லோர் அளித்த நன்கொடையைக் கொண்டே வேலை தொடங்கிற்று. உயிருள்ள மானை விற்கச் சுக்சி மக்களும் எளிதில் இசையவில்லை. 1891இல் 16 மான்கள் வந்தன. மறு ஆண்டில் 171 மான்கள் கரடியின் தளத்தில் ஏறிக் கடல் கடந்து, போர்ட் கிளாரன்ஸில் இறங்கின. மந்தைகள் பெருகின. இளைஞர் சிலர் மேய்ச்சல் தொழிலைக் கற்றுத் தமக்கெனச் சிறு மந்தைகளும் பெற்றனர்.

இம்மான்களுக்கு எதிர்பாராத வேலையொன்று 1897ஆம் ஆண்டின் முடிவில் வந்தது. அலாஸ்காவின் வடகோடியாகிய பாரோ முனைக்கருகில் எட்டுத் திமிங்கில வேட்டைக் கப்பல்கள் முன்கூட்டியே உறைந்த கடலில் சிக்கிக்கொண்டன. அவற்றிலிருந்தோர் 265 பேர். கடல் மீண்டும் திறக்க ஏழெட்டு மாதம் ஆகும். அதுவரை உணவு போதாது என்னும் செய்தி தெற்கே எட்டியது. குடியரசுத் தலைவர் மெக்கின்லி உதவி அனுப்ப ஆணையிட்டார். கோடைச் செலவை முடித்துத் திரும்பியிருந்த கரடி, டட்டில் என்பவர் தலைமையில் நவம்பர் இறுதியில் மீண்டும் வடக்கே புறப்பட்டது. உடன் சென்றோர் யாவரும் தாமே விரும்பி முன்வந்தவர்கள்.

ஆயினும் குளிர்காலத்தில் எக்கலமும் பாரோவை அடைதல் இயலாது. கரடி செல்லக்கூடிய மட்டும் சென்று, டிசம்பர் 16ஆம் நாள் வாங்கூவர் முனையருகில் மூவரைக் கரையில் இறக்கிவிட்டுத் திரும்பிற்று. அவர்கள் ஜார்விஸ், பெர்த்தால்ப் என்னும் அதிகாரிகள் இருவரும், கால் என்னும் மருத்துவரும் ஆவர். அங்கிருந்து பாரோ ஏறத்தாழ 1,500 மைல். அஃதாவது 2,400 கிலோமீட்டர். செல்லவேண்டிய காலமோ கதிரவன் முகங்காட்டாத நள்ளிருட் பருவம்.

நாய்கள் இழுக்கும் சறுக்குவண்டிகளில் அவர்கள் சென்றனர். 265 பேருக்கு வேண்டிய உணவை அவ்வண்டிகளில் ஏற்றுதல் முடியாது. வழியில் நாய்கள் தின்பதற்கே பாதி போய்விடும். தானே நடக்கும் உணவு, வழியில் தன் இரையைத் தானே தேடிக்கொள்ளும் உணவு ஒன்றுண்டு, அதுவே பனிமான். எனவே வழியிலுள்ள மந்தைகளைப் பெற்று அவற்றை ஓட்டிச் செல்லுமாறு ஜார்விஸுக்கு ஆணை இருந்தது.

ஆணை எழுதுதல் எளிது. 1898 சனவரியில் ஜார்விஸ் சென்று நின்றது ஆண்டிசார்லுக் என்னும் இனுப்பியாக் குடும்பத்தலைவரின் இல்லத்தில். அவரும் அவர் மனைவி மேரியும் சில ஆண்டு உழைப்பால் பெற்றிருந்த மந்தையில் நூற்று முப்பதுக்கு மேற்பட்ட மான்கள் இருந்தன. அவர்களுக்கும் அவர்களைச் சார்ந்தோருக்கும் அம்மான்களே சோறு, அவையே உடை, அவையே நாளைய வாழ்வு. முன்பின் அறியாத மாலுமிகள் எங்கோ வடக்கில் பசித்திருக்கின்றனர். அவர்களுக்காக இவற்றை முழுவதும் தரவேண்டும் என்று கேட்கவேண்டியிருந்தது. இங்கு நாம் சற்று நின்று எண்ணுதல் தகும். இம்மக்களின் பசிக்குக் காரணமாய் இருந்தவை திமிங்கில வேட்டைக் கப்பல்கள். இப்போது பசித்துக் கிடந்தவர்கள் அக்கப்பல்களின் ஆட்கள். ஜார்விஸ் வலிந்து பறிக்கவில்லை. மான்களையும், அவை ஈன்றிருக்கக்கூடிய கன்றுகளையும் அரசு திருப்பித் தரும் என்று வாக்களித்துக் கேட்டார். அந்த வாக்குக்கு அப்பனிவெளியில் சான்று ஏது? கேட்டவரின் முகம் ஒன்றே சான்று. கணவனும் மனைவியும் தனியே கலந்து பேசினர்; பின்னர்த் தர இசைந்தனர். ஆண்டிசார்லுக் தாமே மந்தையை ஓட்டவும் உடன் புறப்பட்டார்.

அடுத்து வேல்ஸ் இளவரசர் முனையில் லாப் என்னும் ஆசிரியரின் பொறுப்பில் இருந்த பெருமந்தையும் சேர்ந்தது. மொத்தம் நானூறுக்கு மேற்பட்ட மான்கள். லாப் தம் மனைவி மக்களை அவ்வூரிலேயே விட்டு, இனுப்பியாக் இடையர்களோடு மந்தையின் பின் சென்றார். ஜார்விஸும் மருத்துவரும் முன்னே சென்று வழி பார்த்தனர். பெர்த்தால்ப் வேறு வழியாக உணவுப்பொருள்களைச் சேர்ப்பித்தார். உறைந்து கிடந்த காட்சபூ விரிகுடாவின் மேலேயே அம்மந்தையை ஓட்டவேண்டியிருந்தது. கடலின் மேல் மேய்ச்சல் ஏது? பசித்த மான்கள் வந்த வழியே திரும்ப முயன்றன; இடையர்கள் அவற்றை அயராது மறித்துக் காத்து அக்கரை சேர்த்தனர். அவர்தம் திறமை இன்றேல் தலைவர்களின் துணிவு வீணாயிருக்கும் என்பதே என் கருத்து.

மார்ச் மாதம் 29ஆம் நாள் ஜார்விஸ் பாரோவை அடைந்தார். மந்தையும் உடனடுத்து வந்து சேர்ந்தது. அங்குச் சேர்ந்த மான்கள் 382. மாலுமிகள் உயிரோடிருந்தனர். அங்கு வணிகம் செய்துவந்த புரோவர் என்பவரும், அவ்வூர் இனுப்பியாக் மக்களும் காட்டுமான் வேட்டையாடியும் தம் உணவைப் பகிர்ந்தும் அவர்களைக் காத்திருந்தனர். ஆனால் பலர் ஒரே பழைய கட்டடத்தில் அழுக்கும் புகைக்கரியும் சூழ நெருங்கிக் கிடந்தனர். பச்சை உணவின்மையால் வரும் ஸ்கர்வி என்னும் நோய் தலைகாட்டியிருந்தது. ஜார்விஸ் அவர்களைப் பிரித்துக் குடியமர்த்தினார். உடம்பையும் உறைவிடத்தையும் தூய்மை செய்வித்தார். நாள்தோறும் வெளியே சென்று உடற்பயிற்சி செய்யுமாறு பணித்தார். உணவு கொணர்ந்தவர் என்பதைவிட ஒழுங்கு கொணர்ந்தவர் என்பதே அவருக்குப் பொருந்தும் புகழ் எனலாம். சூலை 28ஆம் நாள் பனியைப் பிளந்துகொண்டு கரடி பாரோவுக்கு வந்தது.

அமெரிக்கப் பேரவையின் ஆணைப்படி மூன்று அதிகாரிகளுக்கும் 1902இல் பொற்பதக்கம் கிடைத்தது. மந்தையைத் தந்தவரும், பனியின் மேல் அதனை ஓட்டியவர்களும் அம்மூவருள் இல்லை. மான்கள் திருப்பித் தரப்பட்டு ஆண்டிசார்லுக்கின் மந்தை மீண்டும் உருப்பெற்றது; ஆயினும் 1900இல் பரவிய தட்டம்மையில் அவர் இறந்துபோனார். மேரி அம்மையார், தம் உரிமையை மறுத்தோரோடு வழக்காடி, மந்தையைக் காத்துப் பெருக்கினார். அலாஸ்காவின் செல்வம் மிக்க பெண்டிருள் ஒருவர் என அவர் பெயர் நிலைத்தது.

கரடியின் பிற்காலச் செயல்களைச் சுருங்கக் கூறுவோம். 1914இல் கனடாவின் ஆராய்ச்சிக் கலமாகிய கார்லக் பனியால் நொறுங்கியது. ராங்கல் தீவில் ஒதுங்கி உயிர்தப்பிய 12 பேரை வேறொரு சிறுகலம் எடுத்து வந்து கரடியில் ஏற்றியது. அவர்களுள் சிறு பெண்குழந்தைகள் இருவர். அவர்களோடு ஒரு பூனையும் பிழைத்து வந்தது. 1915இல் வருவாய்க் காவற்கலப் பணியும் உயிர்மீட்புப் பணியும் இணைந்து கடலோரக் காவற்படை உருவாயிற்று. அதன் முதல் தலைவர் வேறு யாருமல்லர். பனிவெளியில் நடந்த அந்தப் பெர்த்தால்பே. 1926இல் கரடி ஓய்வு பெற்று ஓக்லாண்டு நகரத்தாரிடம் காட்சிக் கலமாய் ஒப்படைக்கப்பட்டது. 1930இல் ஒரு திரைப்படத்தில் நடிக்கவும் செய்தது. பின்னர் அது ஏலத்துக்கு வந்தபோது, பழைய இரும்பு வாங்குவோர் ஒருவர் விலை கேட்டார். பேர்ட் என்னும் புகழ்பெற்ற துருவப் பயணி சற்று மேலே கேட்டு 1,050 டாலருக்குப் பெற்றார். அறுபது வயதுக் கலம் இவ்வாறு உடைபடாது தப்பித் தென்துருவத்துக்குச் சென்றது. 1933 முதல் 1935 வரை ஒரு முறையும், 1939 முதல் 1941 வரை மறுமுறையும் அக்கண்டத்துக்குப் பணிபுரிந்தது.

இரண்டாம் உலகப் போரில் அது கிரீன்லாந்துக் கடலைக் காத்தது. 1941 செப்டம்பரில் செருமானியருக்குத் துணையாய் வந்த பஸ்கோ என்னும் கலத்தை நார்த்லாண்டு என்னும் கட்டர் பிடித்தது. பிடிபட்ட கலத்தைப் பாஸ்டனுக்கு இட்டுச்சென்ற பொறுப்பு கரடியினுடையது. நார்த்லாண்டு என்பது, கரடி முதுமையடைந்தது என்று கருதி அதற்கு மாற்றாகக் கட்டப்பட்ட கலம்! மாற்றாய் வந்த இளையதும் மாற்றப்பட்ட மூத்ததும் ஒரே கடலில் ஒருங்கே காவல் புரிந்தன.

1944இல் கரடி பணியினின்று முற்றும் விலகியது. அதனை 1948இல் விலைக்கு வாங்கியோர் மீண்டும் சீல் வேட்டைக்கு அனுப்பக் கருதினர், அஃது ஈடேறவில்லை. ஹாலிபாக்ஸ் துறைமுகத்தில் பல்லாண்டு கேட்பாரற்றுக் கிடந்தது. பின்னர்ப் பிலடெல்பியா நகரத்தார் ஒருவர் அதனை மிதக்கும் உணவுச்சாலை ஆக்க விரும்பி வாங்கினார். 1963 மார்ச்சு மாதம் இழுவைக்கலம் ஒன்று அதனைக் கட்டி இழுத்துச் சென்றது. நோவாஸ்கோஷியாவுக்குத் தெற்கே புயல் வீசியது. இழுவைக் கயிறு அறுந்தது. பாய்மரம் முறிந்து வீழ்ந்தது. கலத்துள் நீர் புகுந்தது. மேலே இருந்தோர் மீட்கப்பட்டனர். கரடி மூழ்கியது. அப்போது அதற்கு வயது 89.

அது கிடக்கும் இடத்தை 1979 முதல் பலமுறை தேடினர். 2019இல் கடலடியை ஒலியலைகளால் ஆராய்ந்தபோது ஐயத்துக்குரிய உருவங்கள் தென்பட்டன. 2021இல் நீரடிப் படக்கருவியை இறக்கிப் பார்த்தனர். மீன்கள் குடியேறிய மரக்கட்டுமானத்தில், பனியைத் தாங்கும்பொருட்டு டண்டித் தச்சர்கள் முன்புறத்தை வலுப்படுத்திய முறை தெரிந்தது. அது கரடியே எனக் கடலோரக் காவற்படையினர் அவ்வாண்டு அக்டோபரில் அறிவித்தனர். ஹீலியின் பெயரை இன்று அப்படையின் பனியுடைக்கும் கலம் ஒன்று தாங்கி, கரடி சென்ற வடகடலிற் செல்கின்றது.